அரசர் பார்த்த முதல் முதுகு

அந்த அரண்மனையில் அரசருக்கு யாரும் முதுகைக் காட்டக்கூடாது. வந்தவர்கள் எல்லாரும் கும்பிட்டபடியே பின்னோக்கி நடந்துதான் வெளியேறுவார்கள். பல்லக்கில் போகும்போதும் அவர் முன்னால் திரை தொங்கும். மனித முதுகு எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

மலைநாட்டிலிருந்து அரசரை மணமுடித்து வந்த செங்கமலம் முதல் நாள் சபையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சட்டென்று எழுந்தாள். அவருக்கு முதுகைக் காட்டியபடி நேராக நடந்துபோய் ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தாள். தளபதியின் கை வாளுக்குப் போயிற்று. அரசர் ஒரு சொல் சொன்னால் போதும்.

அரசர் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஆடும் பின்னல், அதிலிருந்து சரிந்த மல்லிகைச் சரம், பிடரியில் ஒரு மச்சம். அது அவளுக்கே தெரிந்திருக்காது.

"இங்க வந்து பாருங்களேன்," என்றாள் திரும்பாமலே. "மலையில மழை இறங்கிடுச்சு."

அவர் எழுந்து போய் அவளருகே நின்றார். சபையும் அன்றுதான் அவர் முதுகைப் பார்த்தது. அங்கியின் முன்பக்கத்தில் மட்டும்தான் சரிகை. பின்னால் வெறும் பருத்தித் துணி, வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

தளபதி வாளிலிருந்து கையை எடுத்தார்.

"மத்த ஜன்னலையும் திறந்து விடுங்கப்பா," என்று தளபதியே காவலர்களிடம் சொன்னார்.