தூங்கவைத்த கம்ப்யூட்டர்

கால் முறிந்து உள்ளறையில் படுத்திருக்கும் என் மனைவி திலகவதி கூப்பிட்டால், ஹாலில் இருக்கும் எனக்குக் கேட்பதில்லை. காது அவ்வளவு மந்தம். போன வாரம் கூப்பிட்டு அலுத்துப்போய், தானே எழுந்திருக்கப் பார்த்து விழுந்தாள். அதனால் ஒயர் இல்லாத மௌஸ் ஒன்றை அவள் கைக்கருகே வைத்தேன். ஹாலில் இருக்கும் என் கம்ப்யூட்டரில், மௌஸை இயக்கும் டிரைவர் மென்பொருளின் செட்டிங்கைத் தேடிப் பிடித்து, தூங்கும் கம்ப்யூட்டரை இந்த மௌஸ் எழுப்பலாம் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அவள் அசைத்தால் ஹாலில் திரை ஒளிரும், நான் ஓடுவேன். ஒரே சிக்கல், எழுப்ப வேண்டுமென்றால் அது முதலில் தூங்கியிருக்க வேண்டும். ஆகவே மூன்று நாளாக வேலையெல்லாம் விட்டுவிட்டு, அதைத் தூங்கவைத்து, கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெரிய கண்டுபிடிப்பாளன் என்ற மிதப்பு வேறு.

இன்று காலை பதினோரு மணிக்குத் திரை ஒளிர்ந்தது. ஓடினேன்.

"என்ன வேணும் திலகா?"

"ஒண்ணும் வேணாம். அங்க என்னதான் பண்றீங்க?" என்று என் காதருகே சத்தமாகக் கேட்டாள்.

"நீ கூப்பிடுறியான்னு பாத்துட்டு இருக்கேன்."

"அத இங்க உக்காந்து பாத்தா ஆகாதா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் கட்டில் ஓரத்தில் கிடந்த போர்வையை மடித்து, ஓர் ஆள் உட்கார இடம் பண்ணினாள்.