சிவப்பு ஸ்டிக்கர்

ஒளியின் நிறங்கள் ஒன்றையொன்று பிரியாமல் போய்ச் சேர, கண்ணாடி இழைக்குள் வரிசை வரிசையாக ஓட்டைகள் வைத்திருந்தார் ஆராய்ச்சியாளர் அருள்குமார். 2006 பாதி கழிந்தும் நிறங்கள் பிரிந்தே வந்தன.

அன்று குளித்துவிட்டு வந்தவர், மேசையில் கிடந்த இழையின் பெரிதாக்கிய குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் மனைவி நிர்மலா, பழக்கதோஷத்தில் படத்தின் நட்ட நடுவில் பழுதைக் காட்டும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள்.

"ஏனுங்க சிரிக்கறீங்க? அங்க ஒரு ஓட்டை உட்டுப்போச்சுங்க."

"அது வேணும்னே உட்டது நிர்மலா. வெளிச்சம் போற வழியே அதுதான்."

"சரிங்க," என்று ஸ்டிக்கரை உரித்தாள். "அப்ப மூணாவது வரிசையிலயும் ஒண்ணை வேணும்னேதான் உட்டீங்களா?"

அருள்குமார் குனிந்து பார்த்தார். அரை வருடத் தலைவலி அங்கே உட்கார்ந்திருந்தது.

அவள் விரலிலிருந்து ஸ்டிக்கரை வாங்கி, அவரே ஒட்டினார்.