வேறு பள்ளி

தலைமையாசிரியை உறையைக் கையில் வாங்கினாரே தவிர, பிரிக்கவில்லை.

"உங்க பொண்ணு நேத்தே எங்கிட்ட வந்து சொல்லிட்டா, வேற ஸ்கூலுக்குப் போறேன்னு. காரணம் கேட்டா வாயைத் திறக்கல. எல்.கே.ஜி.யிலேர்ந்து இங்கதானே படிக்கிறா? ஆறாவதுல போய் மாத்தணுமா? வீடு ஏதும் மாறுறீங்களா?"

"இல்ல மேடம்."

"யாராவது அடிச்சாங்களா?"

"அடிக்கல, பேசுறாங்க. கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினா, 'உனக்கென்னப்பா'ன்னு ஒரு மாதிரி சிரிக்கிறாங்களாம். போன மாசம் வீட்ல உடைஞ்சு போய் அழுதுட்டா."

"அதுக்காக ஸ்கூலை விட்டே போறதா? அவ ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் இங்கதானே இருக்காங்க?"

"ஆமா மேடம். இங்கயே இருக்கிறதா, மாறுறதான்னு ஒரு மாசமா இதே யோசனைதான். மாறுறதுதான் சரின்னு படுது."

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டபடி உறையைப் பிரித்துப் படித்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

"என்னது இது? டி.சி. கேட்டு எழுதியிருக்கீங்கன்னு நினைச்சேன். இது உங்க ராஜினாமா கடிதமால்ல இருக்கு!"

"ஆமா மேடம். அவளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறதும் பேப்பர் திருத்துறதும் நான்தானே? டீச்சர் பொண்ணுங்கிறதாலதான் மார்க்னு பசங்க பேசினா, அதுக்கு அவ ஏன் போகணும்? நான் போறேன். வேற ஸ்கூல்ல வேலையும் கிடைச்சிருக்கு."

"உங்க பொண்ணுக்குத் தெரியுமா?"

"சாயங்காலம்தான் சொல்லணும்" என்றவள், எழுந்துகொண்டே சிரித்தாள். "பத்து வருஷம் கழிச்சுப் புது ஸ்கூல். இப்ப நான்தான் மேடம் அங்க புதுசாச் சேர்ற பொண்ணு!"