மஹதிக்குத் திறந்த போர்ட்

பெசன்ட் நகர் வீட்டுக் கூடத்தில் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. வைரவன் தன் கம்ப்யூட்டரில் நடத்தும் விளையாட்டுக்குள், ரௌட்டரில் அதற்கான வாசலான போர்ட்டைத் திறந்தும், வெளியிலிருந்து யாராலும் நுழைய முடியவில்லை. ரௌட்டர் அருகே சம்மணமிட்டபடி, கூட விளையாடும் மஹதியிடம் ஸ்பீக்கரில் பேசுகிறான். "சரியா பாருப்பா, தூங்குமூஞ்சி," என்று அவள் சிரிக்கிறாள். அவனும் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பை அவன் மனைவி ஷண்முகப்ரியா கேட்டு வெகுநாளாகிறது. அவனுக்குக் கொண்டுவந்த காபி அவள் கையிலேயே ஆறுகிறது. ரௌட்டர் செட்டிங்ஸ் தெரியும் திரையில் பிழை எங்கே என்று அவளுக்குத் தெரிகிறது. சொல்லாமல் நிற்கிறாள். மறுபடியும் சிரிப்பு. அந்தப் பேச்சு முடிந்தால் போதுமென்று வெடுக்கெனச் சொல்கிறாள்: "போர்ட்டைப் பழைய லேப்டாப்புக்குத் திறந்து வச்சிருக்கீங்க. இந்தக் கம்ப்யூட்டரோட நம்பரைப் போடுங்க." மாற்றுகிறான். ரௌட்டரின் பச்சை விளக்கு மினுமினுக்கிறது. முகம் மலர ஃபோன் பக்கம் குனிகிறான். "மஹதி, திறந்துடுச்சு! முதல்ல நீ வா."