ஓங்கிய கை

உகாண்டா தலைநகர் கம்பாலாவின் நடுப்பகல் நெரிசலில் பயணிகள் வேன் நகராமல் நிற்கிறது. நாலு வயது சன்யுவின் கையிலிருந்த சுட்ட வாழைப்பழம் ஜன்னல் வழியே நழுவித் தார்ச்சாலையில் விழ, இடுக்கில் புகுந்து வந்த மோட்டார் சைக்கிள் அதை நசுக்கிவிட்டுப் போகிறது. பிள்ளை வீறிட்டு அலறுகிறாள். செருப்புக்கால் முன் இருக்கையை உதைத்துக்கொண்டே இருக்கிறது. வண்டிக்கூரை கொதிக்கிறது. பக்கத்து இருக்கைக்காரி மடியில் துள்ளும் கோழியை அமுக்கிக்கொண்டு, "ஒண்ணு போடு, தானா வாய மூடும். இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் புள்ளைய அதட்டவே தெரியல" என்கிறாள். கண்டக்டர் கதவைத் தட்டி, "அக்கா, அடக்குறியா, இறங்குறியா?" என்கிறான். தாய் நல்வோகாவின் கை ஓங்கிவிடுகிறது. சன்யு கண்ணை இறுக மூடித் தோளைக் குறுக்குகிறாள், அடி வாங்கிப் பழகியவள் போல. அதைப் பார்த்ததும் கை அந்தரத்திலேயே நின்றுவிடுகிறது. மிரண்ட பிள்ளையின் மூளையில் யோசிக்கிற பகுதிக்குப் பேச்சு எட்டாது, முதலில் உன் மூச்சை நிதானமாக்கு, அதைப் பார்த்துத்தான் பிள்ளை அடங்கும் என்று கிளினிக் நர்ஸ் சொன்னது அவளுக்கு நினைவிருக்கிறது. மூச்சுதான் வசப்பட மறுக்கிறது. பிள்ளையை மார்போடு அணைத்து, "ஆசையா வெச்சிருந்த பழம் போயிடுச்சு, இல்ல?" என்கிறாள். அலறல் நிற்கவில்லை. பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். மறுபடியும் மூச்சை இழுத்து விடுகிறாள், மறுபடியும். வெகுநேரம் கழித்து, விசும்பலுக்கு நடுவே, "உனக்கும் பாதி குடுக்கத்தான் ஊதி ஊதி ஆறவெச்சேன்" என்கிறாள் சன்யு.