பி அணு பிடித்துவந்த ஆள்

ரத்தத்தில் காவல் சுற்றும் பி அணு என்ற வெள்ளையணு ஒன்று, ஒரு சின்னப் புரதத்தைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெள்ளையணுக்கள் கூடும் காவல் நிலையமான நிணநீர் முடிச்சுக்குள் வந்தது.

"திருடன்! என் பிடியில கச்சிதமா சிக்கினான். ஒரேயொரு டி அணு 'ஆமா'ன்னு சொன்னா போதும், அம்பு விட்டுடுவேன்."

அங்கே இருந்த இன்னொரு வகை வெள்ளையணுக்களான டி அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து, உற்றுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கின.

"எங்கள்ல ஒருத்தருக்கும் இவனைத் தெரியலையே," என்றது கடைசியாக வந்த டி அணு.

பி அணுவுக்கு ஆச்சரியம். "தெரியலைன்னா வெளியாள்தானே?" என்று நாணை இழுத்தது.

"அவசரப்படாதே. நம்ம உடம்பு ஆளுங்களை அடையாளம் கண்டு பாய்ஞ்ச டி அணுக்களைச் சின்ன வயசிலேயே ஒழிச்சுட்டாங்க. மிஞ்சின எங்களுக்கு வெளியாளுங்களை மட்டும்தான் தெரியும்."

பி அணுவின் பிடி தளர்ந்தது.

புரதம் மெல்லக் கேட்டது: "அப்போ நான் வீட்டுக்குப் போகலாமா?"