கடைசி எண் 192

“சேர், இவ என்ட கொம்பியூட்டரில கை வச்சவ!”

குணேஸ்வரி போட்ட சத்தத்தில், தேநீர்க் கோப்பையோடு வந்த, பரீட்சை நடத்தும் சேர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஓர்ஸ் ஹில்லில் இருந்த அந்த அலுவலகத்தில் நெட்வேர்க் பார்க்க ஒரேயொரு வேலை. கடைசிப் பரீட்சைக்கு மிஞ்சியவர்கள் இரண்டு பேர்: சாம்பல்தீவுக் குணேஸ்வரி, கிண்ணியா றம்ஸியா. யுத்த நிறுத்தம் என்று பெயர்; சோதனைச் சாவடி மட்டும் அப்படியே இருந்தது. காலையில் அங்கே வரிசையில் நின்றபோதே றம்ஸியா சிரித்துக் கதைக்க வந்தாள். அதே வேலைக்கு வந்தவளோடு என்ன கதை என்று குணேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா மீன்பிடிக்கக் கடலுக்குப் போகாமல் மாதக்கணக்காகிறது. இந்தச் சம்பளத்தை நம்பித்தான் வீடு.

வாய்மொழிக் கேள்வியில் குணேஸ்வரி வெளுத்து வாங்கியிருந்தாள்.

“சப்நெட் மாஸ்க் என்னத்துக்கு?”

“ஆர் எங்கட ஆள், ஆர் வெளியாள் எண்டு கொம்பியூட்டருக்குச் சொல்லுற எண் சேர். அது பிழைச்சால், பக்கத்தில இருக்கிறதையும் வெளியாள் எண்டுதான் நினைக்கும்.”

“கெட்டிக்காரி!”

அடுத்தது செய்முறை. அறுபது கொம்பியூட்டர்களுக்குப் பொருந்தும் நாலு எண் மாஸ்கைத் தாளில் கணக்குப் பார்த்து, தன் கொம்பியூட்டரில் அடிக்க வேண்டும். தேநீருக்குப் பிறகு சோதனை. அலுவலகத்துப் பெரிய கொம்பியூட்டரிலிருந்து பதில் வந்தால்தான் பாஸ். மற்றவருடையதைத் தொட்டால் வெளியே.

குணேஸ்வரி அடித்துவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தால், அவளுடைய கதிரையருகே குனிந்து நிற்கிறாள் றம்ஸியா!

“தொட்டனீங்களோ?” சேர் கேட்டார்.

“ஓம் சேர்.”

“ஏன்?”

றம்ஸியா குணேஸ்வரியை ஒருதரம் பார்த்தாள்.

“அப்ப நீங்கள் போகலாம்.”

அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். நல்லா வேணும் என்று குணேஸ்வரி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சேர் அவளுடைய கொம்பியூட்டரைச் சோதித்தார். பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

“மாஸ்கில கடைசி எண் 192. நல்ல வடிவாச் செய்திருக்கிறீங்கள். வேலை உங்களுக்குத்தான் பிள்ளை.”

பூரிப்போடு தன் தாளை எடுத்த குணேஸ்வரி, அதையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தாள். தாளில், அவளுடைய கையெழுத்தில், கடைசி எண் 224 என்றிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் அடித்தாள். திரையில் இருந்ததோ 192.

“என்ன பிள்ளை? அவ எதையும் குழப்பிப்போட்டாவோ?”

தாளை மடித்துப் பைக்குள் வைத்தால் ஒருவருக்கும் தெரியாது. றம்ஸியா சொல்லமாட்டாள். சொல்வதென்றால் அப்போதே சொல்லியிருப்பாள்.

“இல்லை சேர்.” குணேஸ்வரி தாளை நீட்டினாள். “என்ட பிழையைத் திருத்திப்போட்டுப் போறா. பஸ் ஏற முதல் அவவைக் கூப்பிடுங்கோ.”